மின்கசிவு என்று பழி போடுமுன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

ஒரு கடையில் தீப்பிடித்தால் மறுநாள் செய்தித்தாளில் என்ன வரும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். "மின்கசிவே காரணம் என்று கூறப்படுகிறது." அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் "பாவம், அவருக்கு நேரம் சரியில்லை" என்று அனுதாபப்பட்டுவிட்டுத் தங்கள் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். மின்கசிவு என்பது ஏதோ இடி விழுவது போல, வெள்ளம் வருவது போல, மனிதன் கையில் இல்லாத ஒன்று என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

இந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். மின்சாரம் தானாக வந்து யார் கடையையும் கொளுத்துவதில்லை. நாம் அழைத்த இடத்துக்கு, நாம் போட்ட வழியில்தான் அது வருகிறது. அந்த வழியில் மிகவும் பலவீனமான இடம், சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டும் அதில் செருகிய ஜங்ஷன் பாக்ஸும்தான். லட்ச ரூபாய்க்குச் சரக்கு அடுக்கி, ஆயிரக்கணக்கில் செலவு செய்து பெயர்ப்பலகை வைக்கும் நாம், சில நூறு ரூபாயில் முடியும் இந்தச் சின்னப் பொருளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒருவர் கடையில் பற்றும் தீ அவரோடு நிற்பதும் இல்லை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, மதுரை மீனாட்சியம்மன் கோவிலில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைப் பகுதியில் தீப்பற்றியதை யாரும் மறந்திருக்க முடியாது. பழமையான மண்டபம் பாழானது. அதன்பின் கோவிலுக்குள் காலங்காலமாகக் கடை வைத்திருந்தவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்தத் தீயின் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு மூலையில் பற்றிய தீயால் தப்பேதும் செய்யாத வியாபாரிகளும் பிழைப்பிடம் இழந்தார்கள் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். நம் பஜார்களில் ஒரு சுவருக்கு இரு கடை என்றுதான் அமைந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரின் பிளக் பாயிண்ட் நம் கவலையும்தான்.

மூன்று முள் எதற்கு?

சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டை எதிரே நின்று பாருங்கள். மேலே ஒரு பெரிய ஓட்டை, கீழே இரண்டு சிறிய ஓட்டைகள். கீழே வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே எர்த். பேஸ் வழியாக வரும் மின்சாரம் கருவியை ஓட்டிவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. எர்த் வழியாகச் சாதாரண நேரத்தில் எதுவும் ஓடாது. அதனால்தான் "அது சும்மா இருக்கிற முள்தானே" என்று பலரும் நினைக்கிறார்கள்.

அது சும்மா இருப்பதில்லை, காவல் இருக்கிறது. பிளக்கை எடுத்துப் பார்த்தால் எர்த் முள் மற்ற இரண்டையும்விடப் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும். காரணத்தோடுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். கருவிக்குள் மின்சாரம் நுழையும் முன்பே அதன் உடம்பு பூமியோடு இணைந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல பிளக் பாயிண்டுகளில் இன்னொரு வசதியும் உண்டு. கீழ் ஓட்டைகளை உள்ளே ஒரு மூடி மறைத்திருக்கும். எர்த் முள் நுழைந்தால்தான் அந்த மூடி விலகும். குழந்தை கம்பியை நுழைத்தாலும் ஆபத்து வராமல் இருக்கவே இந்த மூடி.

இந்த உருண்டை முள் பிளக் ஆங்கிலேயர் காலத்தில் நமக்கு வந்தது. அவர்கள் நாட்டில் 1947லேயே, பிளக்குக்குள் பீஸ் வைத்த சதுர முள் முறைக்கு மாறிவிட்டார்கள். நம் நாட்டில் உருண்டை முள்ளே நிலைத்தது. நம் பிளக்குக்குள் பீஸ் கிடையாது. எனவே நம் காவல் முழுவதும் மெயின் போர்டிலும் எர்த்திலும்தான் இருக்கிறது.

இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாட்டை நாம் என்ன செய்கிறோம்? இரண்டு முள் ஜங்ஷன் பாக்ஸில் நுழையவில்லை என்று எர்த் முள்ளை உடைக்கிறோம் அல்லது திருகி எடுத்துவிடுகிறோம். பிளக் கிடைக்காத அவசரத்தில் வயரின் நுனியைச் சீவி, ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குகிறோம். தீபாவளி நேரத்தில் சீரியல் செட் போடும்போது இந்தத் தீக்குச்சி வைத்தியத்தைக் காணாத கடைத்தெரு உண்டா? தீக்குச்சிப் பெட்டியை விற்கும் கடையிலேயே தீக்குச்சியை வைத்துத் தீயை வரவழைக்கிறோம்.

6ம் 16ம்

முன்பு 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று சொன்ன பிளக் பாயிண்டுகள் இப்போது 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று வருகின்றன. சிறியது லைட் பிளக், பெரியது பவர் பிளக். இவை எவ்வளவு தாங்கும் என்பதை வியாபாரிகளுக்குப் பிடித்த கணக்கிலேயே பார்த்துவிடலாம். நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அதை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது 1,380 வாட். 16 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது 3,680 வாட். கருவியின் பின்புறம் எத்தனை வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். டீ போட வாங்கிய 1,500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர். இரண்டும் லைட் பிளக்கில் போடத் தக்கவை அல்ல.

ஆனால் நம் கடைகளில் நடப்பது என்ன? கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பாயிண்ட். அதில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். அந்தப் பாக்ஸில் எலக்ட்ரானிக் தராசு, பில் மெஷின், டேபிள் ஃபேன், இரண்டு செல்போன் சார்ஜர், சாமி படத்துக்குச் சீரியல் பல்பு. இவையெல்லாம் சிறு சுமைதான், தாங்கிவிடும். போதாக்குறைக்கு ஐஸ்கிரீம் ஃப்ரீசரையும் அதிலேயே செருகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ஃப்ரீசரின் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைவாகத்தான் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் பல மடங்கு இழுக்கும். நாள் முழுக்க நின்று நின்று கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் அந்த அடி ஜங்ஷன் பாக்ஸின் மெல்லிய தகட்டில்தான் விழுகிறது.

பாயிண்டை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். லைட் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பவர் பிளக்கைப் பொருத்திவிட்டு, "16 ஆம்பியர் போட்டாச்சு" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. பின்னால் வருவது பழைய மெல்லிய வயராகவே இருந்தால் வாய் பெரிதாகி வயிறு சிறிதாக இருக்கும் கதைதான். லைட் பிளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. பவர் பிளக்குக்கு இரண்டரை, அதிகச் சுமை என்றால் 4 சதுர மில்லிமீட்டர். ஃப்ரீசருக்கும் ஏ.சி.க்கும் மெயின் போர்டிலிருந்தே தனித்தனி வழி. இதுவே முறை.

லூஸ் கனெக்ஷன்

சுமை சரியாக இருந்தும் தீப்பிடிப்பது எப்படி? இங்கேதான் பலரும் அறியாத விஷயம் இருக்கிறது. பிளக் முள்ளைப் பிடித்துக்கொள்ளும் பித்தளைத் தகடு நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. பிளக்கைச் செருகினால் ஆடுகிறது; லேசாகத் தட்டினால் எரிகிறது, விட்டால் அணைகிறது. இதை நாம் "லூஸ் கனெக்ஷன்" என்று சொல்லிவிட்டு, கீழே ஒரு அட்டையை முட்டுக் கொடுத்து வைக்கிறோம்.

தளர்ந்த இடத்தில் மின்தடை ஏறும். அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். அதில் 6 ஆம்பியர் ஓடினால், ஆறாறு முப்பத்தாறு, அதில் பாதி, அதாவது 18 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதற்கு நெருங்கிய ஒரு சூட்டுக்கோலைச் சுவருக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில், நாள் முழுக்க வைத்திருப்பது போன்றது இது. 10 ஆம்பியர் ஓடினால் அதே இடத்தில் 50 வாட்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதை எந்த எம்.சி.பி.யும் கண்டுபிடிக்காது. அதன் கணக்கில் ஓடுவது வெறும் 6 ஆம்பியர்தான், அளவுக்குள்தான் இருக்கிறது. எனவே அது பேசாமல் இருக்கும். கண்டுபிடிக்க வேண்டியது நம் கையும் மூக்கும் கண்ணும்தான். கடை அடைக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா? முள் கறுத்திருக்கிறதா? பாயிண்டின் முகம் பழுத்த மஞ்சளாகியிருக்கிறதா? மீன் நாற்றம் போல, பிளாஸ்டிக் கருகியது போல வாடை வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாயிண்டை அன்றே மாற்ற வேண்டும். நம் கடையில் பாயிண்டுக்கு அருகில் இருப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள்: கோணிச் சாக்கு, அட்டைப்பெட்டி, கற்பூரம், எண்ணெய் டின்.

மூன்று நோய், மூன்று மருந்து

செய்தித்தாள் எல்லாவற்றையும் "மின்கசிவு" என்று ஒரே பெயரில் அழைப்பதால் ஒரு குழப்பம் வந்துவிட்டது. உண்மையில் இவை மூன்று நோய்கள்.

ஒன்று, அளவுக்கு மீறிய சுமை. இரண்டு, பேஸும் நியூட்ரலும் நேரே தொட்டுக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட். இந்த இரண்டுக்கும் பீஸ் அல்லது எம்.சி.பி. மருந்து. பீஸ் கட்டையில் அளவான கம்பி போடாமல், "அடிக்கடி போகிறது" என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டால் அந்த மருந்தும் வீண்.

மூன்றாவதுதான் உண்மையான கசிவு. பேஸ் மின்சாரம் நியூட்ரல் வழியே திரும்பாமல், ஃப்ரீசரின் இரும்பு உடம்பு வழியாகவோ, அதைத் தொட்ட மனிதன் வழியாகவோ தரைக்குப் போவது. இதற்கு எம்.சி.பி. உதவாது. ஏன் என்றால் மனிதனைக் கொல்ல 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் ஓடினாலே ஆபத்து. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பதே 40 மில்லி ஆம்பியர் அளவுக்கு வரும். மிகச் சிறிய 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றாலும் அதன் அளவு 6,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்லும் அளவு அதன் கண்ணுக்கே தெரியாது.

"எர்த் இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்க வேண்டும்தான். ஆனால் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை வருடம் ஆயிற்று? மண் காய்ந்து, குழாய் துருப்பிடித்து, தடை 20 ஓம் ஆகிவிட்டது என்றால், 230ஐ 20ஆல் வகுத்துப் பாருங்கள். பதினொன்றரை ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. ஃப்ரீசரின் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். தரை துடைத்த ஈரத்தில் வெறுங்காலோடு ஒரு பையன் வந்து கதவைத் திறப்பான்.

அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. எலக்ட்ரீசியன்கள் இ.எல்.சி.பி. என்றும், டிரிப்பர் என்றும் சொல்வார்கள். அதன் வேலை நம் கணக்குப்பிள்ளையின் வேலைதான். போன மின்சாரம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வரவும் பற்றும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால், நொடியில் ஒரு சிறு பங்குக்குள் லைனைத் துண்டித்துவிடும். அதில் "டெஸ்ட்" என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது என்று பொருள்.

சொல்லப்படும் சாக்குகள்

இதைப் பேசினால் நம்மவர்கள் சொல்லும் பதில்கள் சில உண்டு.

"இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது." இருபது வருடத்துக்கு முன் அந்த வயரில் இரண்டு டியூப்லைட்டும் ஒரு ஃபேனும்தான் ஓடின. இன்று ஃப்ரீசர், கூலர், கேமரா, பில் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாம் அதே வயரில் தொங்குகின்றன. வயருக்கு வயதாகிறது, சுமை மட்டும் ஏறுகிறது. எலி வேறு கடித்து வைக்கிறது.

"வாடகைக் கட்டடம், நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?" நியாயமான கேள்விதான். கட்டடம் அவருடையது, ஆனால் சரக்கும் உயிரும் நம்முடையவை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வயரிங் செலவு யாருடையது என்று ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது.

"டிரிப்பர் போட்டால் ராத்திரியில் விழுந்துவிடுகிறது. காலையில் வந்தால் ஃப்ரீசரில் இருந்த பாலும் ஐஸ்கிரீமும் உருகிக் கிடக்கின்றன." இது உண்மையான நஷ்டம், அலட்சியப்படுத்தத் தக்கது அல்ல. ஆனால் அதற்குத் தீர்வு டிரிப்பரைத் துண்டித்து நேர் லைன் கொடுப்பது அல்ல. ஃப்ரீசருக்கு மட்டும் தனி வழி அமைத்து, அதற்கென்று தனியாக ஆர்.சி.பி.ஓ. போட்டுவிட்டால் சீரியல் பல்பின் கோளாறு ஃப்ரீசரை நிறுத்தாது. அதன்பிறகும் விழுந்தால் ஃப்ரீசரிலேயே கசிவு இருக்கிறது. பழுது பார்க்க வேண்டியது ஃப்ரீசரை. தனி வழி இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. இரவில் ஃப்ரீசர் தவிர மற்ற எல்லாவற்றையும் மெயினிலேயே அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

"இன்சூரன்ஸ் இருக்கிறது." பாலிசியைப் படித்துப் பாருங்கள். பொதுவாகத் தீக் காப்பீட்டில், ஷார்ட் சர்க்யூட்டால் கெட்டுப்போன அந்த மின் கருவிக்கே இழப்பீடு கிடையாது; அதிலிருந்து பரவிய தீயால் மற்றவற்றுக்கு நேர்ந்த சேதத்துக்குத்தான் உண்டு. உயிர் போனால் எந்தப் பாலிசியும் திருப்பித் தராது.

நாம் விற்கும் சரக்கு

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். மளிகைக் கடைகளில் பலவற்றில் பல்பு, ஹோல்டர், பிளக், ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவையும் விற்பனைக்குத் தொங்குகின்றன. இவற்றில் கம்பெனிப் பெயரும் இல்லாமல், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாமல் மலிவாக வருபவையும் உண்டு. லாபம் அதிகம் என்பதால் வாங்கி மாட்டுகிறோம். கலப்பட மிளகாய்த்தூளை விற்க மனம் வராத நம்மவர்கள் இதை மட்டும் யோசிப்பதில்லை.

பிளக், சாக்கெட்டுகளுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 1293. வீட்டு உபயோக வயருக்கு ஐ.எஸ். 694. முத்திரையோடு இந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண் உண்மையா என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு எளிய சோதனை: பிளக் முள்ளில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை அல்ல, முலாம் பூசிய இரும்பு.

சட்டமும் இதில் நம்மைச் சும்மா விடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் நேரும் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் உரிமை தனி அத்தியாயமாகவே உள்ளது. செய்தவர் யாரென்று தெரியாத பொருளாக இருந்தால் விற்றவரே பொறுப்பாளி ஆகக்கூடும். பெயரில்லாத சரக்கை வாங்கி விற்பது, பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது போலத்தான்.

சங்கம் செய்யக்கூடியவை

தனி ஒரு வியாபாரி சொன்னால் கட்டட உரிமையாளர் கேட்கமாட்டார். எலக்ட்ரீசியனும் நாளைக்கு வருகிறேன் என்பார். சங்கம் சொன்னால் நடக்கும். எனவே நிர்வாகிகளின் பரிசீலனைக்கு மூன்று யோசனைகள்.

1. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் ஒருவரைச் சங்கமே அமர்த்தி, ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மாதம் முன்பு உறுப்பினர் கடைகளில் பிளக் பாயிண்ட், எர்த், மெயின் போர்டு ஆகியவற்றைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். கட்டணத்தை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

2. ஆர்.சி.சி.பி., நல்ல பாயிண்டுகள், வயர் ஆகியவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை குறையும். மொத்த வியாபாரத்தின் பலன் நமக்குத் தெரியாததா?

3. முத்திரை இல்லாத மின்பொருளை நம் உறுப்பினர் யாரும் விற்பதில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்.

கடையில் வேலை செய்யும் தம்பிமாருக்கும் சில விஷயங்களைச் சொல்லி வைக்க வேண்டும். ஈரக் கையால் பிளக்கைத் தொடக்கூடாது. வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. மின் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மெயினை அணைத்துவிட்டு உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைப் பயன்படுத்த வேண்டும். ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரை வெறுங்கையால் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிட வேண்டும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அந்த மெயின் போர்டுக்கு முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்தால் இன்றே நகர்த்தி வையுங்கள். அவசரத்தில் கை எட்டாத மெயின் இருந்தும் இல்லாததுதான்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் வியாபாரப் பெருமக்கள் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டுகிறேன். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஜங்ஷன் பாக்ஸின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முள்ளைப் பாருங்கள். கறுத்திருந்தால், எலக்ட்ரீசியனைக் கூப்பிட நாளைவரை காத்திருக்க வேண்டாம்.